கரண்டுப் புகையும் கதலித் தாரும்: பவானி வட்டார மூட்டப் பெட்டியின் கோளாறுகள் பற்றி ஓர் ஆய்வு

வாழைக்காய் பழமாவது இயற்கை. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பழமாவது குடும்பத் தேவை. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் மூன்று நான்கு நாள் பள்ளத்தைத் தூர்க்கும் பொருட்டுத் தோன்றியதே மூட்டம். குழியிலோ அறையிலோ குதிரிலோ தாரை வைத்து, புகை போட்டு, வாய் மூடி, காத்திருப்பது அதன் முறை. 'வாய் மூடி' என்னும் உறுப்பு குதிருக்கு மட்டுமின்றிச் சுற்றி நிற்பவர்களுக்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணை முடிவுகளில் ஒன்று.

பவானியைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்காலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கூடுதுறையில் காவிரியும் பவானியும், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கலப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற ஜமக்காளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அந்த வாய்க்கால் தண்ணீரில் விளைந்து, அந்தக் கூடுதுறையில் படைக்கப்பட்டு, அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து தின்னப்படும் பழம் எப்படிப் பழுத்தது என்று கேட்டவர்தான் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை நீக்க முன்வந்திருக்கிறேன். முனைவர் பட்டம் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தால் மறுக்கவும் மாட்டேன்.

1. ஆய்வுப் பொருள்

தளவாய்ப்பேட்டைப் பக்கம் என் மாமனார் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் பெட்டிதான் ஆய்வுப் பொருள். முற்பிறவியில் அது 165 லிட்டர் ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் உயிர்விட்டதும் அத்தை அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடச் சொன்னார். மாமா கம்ப்ரசரை மட்டும் போட்டார். ஃப்ரீசரைக் கழற்றி எறிந்து, கூரையில் கொக்கி அடித்து, கதலித் தார் ஒன்று முழுசாகத் தலைகீழாகத் தொங்கும்படி செய்தார். பக்கத்தில் ஒரு கரண்ட் அடுப்பு. மண் தட்டில் சுருள் கம்பி ஓடும் 1000 வாட் சாதனம். அதன்மேல் 15 கிலோ எண்ணெய் டின். டின்னுக்குள் தேங்காய் மட்டை. டின் மூடியிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வளைந்து ஃப்ரிட்ஜின் அடிவயிற்றுக்குள் போகும். உச்சியில் ஓர் ஓட்டை. அதை அடைக்க ஒரு சோளக்கட்டை.

அடுப்பு பெட்டிக்கு வெளியே இருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜின் பிளாஸ்டிக் உருகும், காய் வேகும், பழத்துக்குப் பதில் பொரியல் கிடைக்கும். குழாய் வழியாக வரும் புகை வருகிற வழியிலேயே சூட்டைத் தொலைத்துவிடுகிறது. இறைச்சியையும் மீனையும் புகையில் பதப்படுத்தும் வெளிநாட்டுக்காரர்கள் பெருஞ்செலவில் செய்துகொள்ளும் ஏற்பாட்டின் தத்துவமும் இதுதான். அவர்கள் மீனைத் தொங்கவிடும் இடத்தில் மாமா கதலியைத் தொங்கவிடுகிறார். பின்கட்டு திறந்த இடமாக இருப்பதும் முக்கியம். மூடிய அறையில் மட்டையைப் புகைய விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது பழத்தையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

2. முன்னோர் கருத்து

புகை ஏன் பழுக்க வைக்கிறது? மாமாவின் கொள்கை, "சூடுங்க மாப்ளெ. சூடு பட்டா எதுதான் பழுக்காது?" இக்கொள்கை உலகளாவியது, உலகளவில் தவறும்கூட.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எலுமிச்சை வியாபாரிகள் இதையே நம்பினார்கள். பச்சைக் காயைக் கூடாரத்துக்குள் குவித்து மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டுவார்கள், காய் மஞ்சளாகும். புகைநாற்றம் பிடிக்காமல், சுத்தமான வேறு முறையில் அதே சூட்டை உண்டாக்கிப் பார்த்தார்கள். காய் பச்சையாகவே உட்கார்ந்திருந்தது. அந்நாட்டு வேளாண் துறையைச் சேர்ந்த டென்னி என்பவர் 1924இல் விஷயத்தைத் தெளிவாக்கினார்: வேலை செய்வது சூடு அல்ல, அரைகுறையாக எரியும் எரிபொருளிலிருந்து வரும் எத்திலீன் வாயு. அதற்கும் முன்னால், 1901இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யுபோவ் என்னும் மாணவர் ஆய்வுக்கூடத்துப் பட்டாணி நாற்றுகள் நிமிராமல் பக்கவாட்டில் படுத்து வளர்வதைப் பார்த்து, விளக்கு வாயுவிலிருக்கும் எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார். 1934இல் இங்கிலாந்தில் கேன் என்பவர், பழுக்கும் பழம் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்று நிறுவினார். ஆக, புகை பழுக்க வைப்பதில்லை; புகை ஆரம்பித்து வைக்கிறது. மீதியைக் காய்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன.

சீனத்தில் பேரிக்காயைப் பூட்டிய அறையில் வைத்து ஊதுவத்தி கொளுத்தினார்கள் என்பது தாவரவியல் நூல்களில் வாடிக்கையாக வரும் செய்தி. நம் அம்மாயிகள் அரிசி டிரம்முக்குள் சீப்பை அடுக்கி, நடுவே ரெண்டு ஊதுவத்தியைச் செருகி, மூடியை இறுக்கிவிட்டு மறுவேலை பார்க்கப் போனார்கள். இவர்களுக்கும் சீனருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

நான் இந்த வரலாறு முழுவதையும் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்ப சூடு வேண்டாங்கறீங்க. சரி, கரண்ட் அடுப்பை நிறுத்திட்டா புகை எப்படிங்க வரும்?" என்றார். ஆய்வு இங்கே சிறிது தடைபட்டது.

3. கோளாறுகள்

முதற் கோளாறு, புகைக்குப் பதில் தீ. மட்டை நன்றாகக் காய்ந்திருந்து டின் மூடி சரியாக உட்காராவிட்டால், உள்ளே காற்றுப் போய் மட்டை திகுதிகுவென்று பற்றிக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கும், பழம் வராது. முழுசாக எரியும் தீயில் எத்திலீன் மிஞ்சுவதில்லை. மட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும், மூடியைச் சேற்றால் பூச வேண்டும். புகை வெள்ளையாக, சோம்பலாக வர வேண்டும். வைக்கோலும் வாழைச் சருகும்கூட ஆகும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வறட்டி நின்று புகையும். பழத்தில் அதன் வாசம் கொஞ்சம் தங்கும் என்பதால் அத்தை அதற்குத் தடை விதித்திருக்கிறார். அதே அத்தை ஒரு வெள்ளிக்கிழமை டின்னுக்குள் ஒரு கை சாம்பிராணியைப் போட்டுவிட்டார். அந்தத் தார்ப் பழத்தைக் கடித்தால் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

இரண்டாவது, மின்சாரம். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் சரியும். கம்பி தரும் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் அடுப்பு 180 வோல்ட்டில் 610 வாட் சொச்சம்தான் தரும். மட்டை கதகதப்பாக உட்கார்ந்திருக்கும், புகையாது. மோட்டார்கள் நின்றதும் வோல்ட்டேஜ் நிமிரும், மட்டை பற்றிக்கொள்ளும். எனவே மூட்டம் போடுகிறவர் தன் அடுப்பை மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டக்காரர் எப்போது தண்ணி பாய்ச்சுகிறார் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே எல்லாருக்கும் இது தெரியும் என்பதால் புதிய கருவிகள் தேவைப்படவில்லை.

கம்பி அறுந்தால் இரு முனைகளையும் இழுத்து முறுக்கிவிடுவது வழக்கம். அடுப்பு எரியும், முன்னைவிட நன்றாகவே எரியும். அதில்தான் வம்பு. முறுக்கியதில் கம்பி குட்டையாகிறது; நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடையும் அவ்வளவு குறைந்து, சூடு ஒன்பதில் ஒரு பங்கு ஏறும். ஏறிய சூட்டில் முறுக்கிய இடம் மறுபடி அறும். மறுபடி முறுக்குவோம். இப்படியே போனால் ஒரு நாள் மீட்டர் பெட்டியில் எம்.சி.பி. விழும். அப்போது எம்.சி.பி.யைத் திட்டக் கூடாது; வீட்டில் பொறுப்போடு நடந்துகொண்ட ஒரே உறுப்பினர் அதுதான். கம்பி இருபது முப்பது ரூபாய் சமாசாரம், புதிதாக வாங்கிவிடலாம். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையாகச் செருகும் பழக்கத்தையும் விட வேண்டும். ஃப்ரிட்ஜ் தகரம், டின் தகரம், குழாய் இரும்பு, கீழே ஈரம். தொடுகிறவர் மட்டும்தான் சதை.

மூன்றாவது, கசிவு. ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் வெயிலில் வெடித்து, புகை நாலு பக்கமும் வந்தது. முன்னோர் மூட்ட அறைக் கதவைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசுவார்கள். மாமா ஒரு பழைய ஜமக்காளத்தை நீளவாட்டில் கிழித்து, நனைத்து, கதவைச் சுற்றி அழுத்தி வைத்தார். முரட்டு நூல் ஈரத்தில் உப்பி இடுக்கை நன்றாக அடைத்துக்கொண்டது. புவிசார் குறியீடு பெற்ற கேஸ்கட் உலகில் வேறெங்கும் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது, மேலே பச்சை, உள்ளே கூழ். இது ரொபஸ்டாத் தார் வைத்தால் வரும். அந்த இனம் இருபத்து நாலு டிகிரிக்கு மேல் போனால் உள்ளே பழுக்கும், தோலின் பச்சையம் மட்டும் கலையாது. சித்திரை வெயிலில் நம்மூரில் இருபத்து நாலு டிகிரி எங்கே கிடைக்கும்? பெரிய வியாபாரிகளின் குளிர் அறைகளில் 16 முதல் 18 டிகிரியும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈரமும் வைக்கிறார்கள். கடையில் அத்தனை பழமும் ஒரே மஞ்சளாகத் தொங்குவது அதனால்தான். அதற்காக வேலை செய்கிற ஃப்ரிட்ஜில் காயை வைத்தால் நடக்காது. 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துச் செத்துப்போகும். வேலை செய்யாத ஃப்ரிட்ஜுக்கு வாழை விஷயத்தில் இருக்கும் மேன்மையை இதிலிருந்து உணரலாம். கதலிக்கும் பூவனுக்கும் இந்தத் தொல்லை குறைவு. ரஸ்தாளிக்கு வேறு தொல்லை: சூடும் ஈரமும் கூடினால் காம்பு தளர்ந்து, தாரைத் தூக்கினால் தண்டு கையில் வரும், பழம் தரையில் கிடக்கும்.

ஐந்தாவது, தண்ணீர். காய் மூச்சு விடுகிறது. மூச்சில் ஈரமும் சூடும் உண்டு. பெட்டிச் சுவரில் வியர்த்து, புகைப்பசையோடு கலந்து, பழுப்பாக ஒழுகும். கீழே ஒரு தட்டு வைத்துத் தினம் துடைக்க வேண்டும். தார் வெட்டியதும் பால் வடிய விட்டே உள்ளே தொங்கவிட வேண்டும். வாழைப்பால் வேட்டியில் பட்டால் வேட்டி தீரும்வரை கறை தீராது. மாமாவிடம் இந்த ஆய்வுக்கென்றே ஒரு வேட்டி இருக்கிறது. அதை விரித்துப் பார்த்தால் எந்த வருஷம் எத்தனை தார் போட்டார் என்று கணக்கெடுக்கலாம் போலிருக்கும்.

4. கல் வைப்போர்

கார்பைடு கல் வைப்போரைப் பற்றி இவ்வாய்வு அதிகம் பேசாது. அதிலிருந்து வருவது அசிட்டிலீன். கூடவே ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் சிறிதளவு வரலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகள் அதைத் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை அனுமதிக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் மாமாவின் தேங்காய் மட்டைப் புகை எந்த இடம் பெறும் என்று கேட்டதற்கு, "வீட்டுக்குத்தானுங்க" என்றார்.

5. கதவுப் பிரச்சினை

இதுவரை சொன்னவையெல்லாம் பொருளில் வரும் கோளாறுகள். ஆறாவது கோளாறு மனிதரில் வருவது, மற்ற ஐந்தையும் தூக்கிச் சாப்பிடுவது: கதவைத் திறந்து பார்ப்பது.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. திறவாக் கட்சியின் தலைவர் மாமா. சோளக்கட்டையைக்கூட யாரும் தொடக் கூடாது. நான் ஒருமுறை கைப்பிடியில் கை வைத்தபோது, "ஏனுங்க மாப்ளெ, புள்ளத்தாச்சி இருக்கற ரூமுக்குள்ள இப்படித்தான் எட்டி எட்டிப் பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதில் அவருக்கு நீண்ட பயிற்சி உண்டு. திறப்போர் கட்சியின் தலைவி அத்தை. காலையில் திறந்து ஒரு காயை அமுக்கிப் பார்ப்பார், மதியம் வேறொன்றை, சாயங்காலம் முதற் காயையே மறுபடி. பழுத்ததும் அந்தத் தாரில் எங்கெல்லாம் கறுப்பாக விரல் பதிந்திருக்கிறதோ அங்கெல்லாம் அத்தையின் ஆய்வு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரு கட்சியும் ஒன்றையொன்று முப்பது வருஷமாக மறுத்து வருகின்றன. அறிவியல் நடுவே நின்று இருவரையும் சமாதானப்படுத்துகிறது, இருவருக்கும் பிடிக்காத வகையில். முதல் நாள் கதவைத் திறந்தால் சேர்ந்த எத்திலீன் வெளியேறிவிடும். ஆகவே முதல் நாள் மாமா சொல்வது சரி. ஆனால் காய் மூச்சு விட விட உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறும், பிராண வாயு இறங்கும். கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் எத்திலீனின் வேலையே மட்டுப்படும். குளிர் அறைக்காரர்களும் இதனால்தான் ஒரு நாள் வாயு விட்டபின் கதவைத் திறந்து காற்று மாற்றுகிறார்கள். ஆகவே இரண்டாம் நாள் அத்தை சொல்வது சரி. வெயில் காலத்தில் ஒரு நாள், பனிக்காலத்தில் இரண்டு நாள் புகை. அப்புறம் தாரை வெளியே எடுத்து நிழலில் தொங்கவிட்டால் போதும். இரண்டு மூன்று நாளில் தானே மஞ்சளாகும். நூற்றுக்கு இருபது பங்கு இருந்த மாவுச்சத்து ஒன்றிரண்டு பங்காகக் குறைந்து, அந்த இடத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்.

இந்தத் தீர்ப்பை இருவர் முன்னிலையிலும் வாசித்தேன். மாமா, "அப்ப மொத நாளு நாஞ்சொன்னதுதானே?" என்றார். அத்தை, "ரெண்டாம் நாளு?" என்றார். அன்று காபி தாமதமாக வந்தது.

6. வெற்றியால் வரும் கோளாறு

எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி முன்னோர் எச்சரிக்காமல் போய்விட்டார்கள்.

தோட்டத்தில் விட்டால் தார் மேல் சீப்பிலிருந்து கீழ்ச் சீப்புக்கு வரிசையாகப் பழுக்கும். வீடு தின்று தாங்கும். மூட்டம் அந்த வரிசையைக் கலைக்கிறது. நூற்றுச் சொச்சம் கதலியும் ஒரே காலையில் மஞ்சளாகி நிற்கின்றன. மறுநாள் புள்ளி விழும், அதற்கு மறுநாள் கறுக்கும். கோபி கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலத்தில் கதலியையும் நேந்திரனையும் கிலோவுக்கும், மற்றதைத் தாருக்கும் விலை பேசுவார்கள்; காயாக இருந்தபோது அங்கே கொண்டுபோயிருந்தால் பணம். இப்போது அது பணமல்ல, கெடு.

இரண்டு சீப்பை முன்கூட்டியே வெட்டி எடுத்து வைத்துவிடலாமே என்று கேட்கலாம். செய்து பார்த்தோம். பின்கட்டிலேயே வைத்தோம். 1934இல் கேன் சொன்னது நினைவிருக்கலாம்: பழுத்த பழம் விடும் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். ஒதுக்கிய சீப்புகளை மாடிக்கோ எதிர்வீட்டுக்கோ கொண்டுபோனால்தான் தப்பும். எதிர்வீட்டில் வைத்தால் அவர்கள் காய் பழுக்கும்வரை காத்திருப்பார்கள், நமக்குத் திருப்பித் தரும்வரை காத்திருப்பார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

எனவே பங்கீடு தொடங்கும். படையலுக்கு ஒரு சீப்பு, சங்கமேஸ்வரர் கோயிலுக்கு ஒரு சீப்பு. பேரன் பேத்திகள் மூன்று வேளையும். மிஞ்சியதில் அத்தை வெல்லமும் நெய்யும் கல்கண்டும் தேனும் பேரீச்சையும் போட்டுப் பிசைந்து பஞ்சாமிர்தம் செய்வார். பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டதால் இதைப் பழனிப் பஞ்சாமிர்தம் என்று சொல்லக் கூடாது, பின்கட்டுப் பஞ்சாமிர்தம் என்று சொல்லலாம். ஆட்டுக்குத் தோல். ஆடும் முகம் திருப்பிக்கொண்டபின், துணிப்பையில் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவோம்.

போன ஆடியில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய பை அரை மணியில் திரும்பி வந்தது. உள்ளே அவர்கள் வீட்டுக் கதலி. எங்களுடையதைவிட நல்ல மஞ்சள், காம்பில் பச்சை இல்லை, விரல் பட்ட கறுப்பு இல்லை. அவர்களிடம் பெட்டி கிடையாது. என்ன செய்தார்கள் என்று விசாரித்தேன். அரிசி டிரம், ரெண்டு ஊதுவத்தி.

மாமா ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் பட்டை தெரியவில்லை, உருண்டு இருந்தது. குலை தள்ளி மூன்று மாதத்துக்கு மேல் தோட்டத்திலேயே விட்டு வெட்டிய தார். எங்களுடையதை ஆடிப் பதினெட்டுக்கு ஆக வேண்டுமென்று பத்து நாள் முந்தியே வெட்டியிருந்தோம்.

"முத்துன காயிங்க மாப்ளெ" என்றார். உரித்துத் தின்றார். "பெட்டி என்ன பண்ணும்?"